அலமாரி டிஸ்க்குகளுக்கு ஆயுள் எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியில் தூங்கும் பழைய பட டிஸ்க்குகளை இந்த வாரமே காப்பி செய்துவிடுங்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில், சேலை அட்டைப்பெட்டி ஒன்றில் அப்பா ஹாலிவுட் சாகசப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். 1933ல் வந்த கிங்காங், 1962ல் வந்த ஹட்டாரி எல்லாம் உண்டு. அவருக்கு உயிர், 1952ல் வந்த 'தி ஜங்கிள்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் சேர்ந்து எடுத்த படம், தமிழில் 'காடு'. நண்பர் எழுதித் தந்த டிவிடி அது. சென்ற மாதம் போட்டபோது ட்ரைவ் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, படம் வரவில்லை.

காரணம் எளிது. நாம் எழுதும் டிஸ்க்கில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும்.

"எல்லாம்தான் நெட்டில் கிடைக்கிறதே" என்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அங்கிருந்தும் படம் போய்விடும். நம்மிடம் இருப்பதே நம்முடையது.

வழி சுலபம். இப்போதைய கம்ப்யூட்டர் பலவற்றில் டிவிடி ட்ரைவ் இல்லை. யூஎஸ்பி ட்ரைவ் ஒன்று வாங்குங்கள். விசிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டரில் உள்ள டாட் பைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும். 64 ஜிபி பென் ட்ரைவில் 70 விசிடி அடங்கும். ஆனால் ஒரே காப்பியை நம்பாதீர்கள். வேறோர் இடத்தில் இன்னொன்றும் இருக்கட்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த டிஸ்க்கைத் துடைத்து மீண்டும் பெட்டியிலேயே வைத்தார். மற்றவற்றை அன்றிரவே காப்பி செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்.