பாட்டை ரசித்தது போதும், கப்பலைப் பேசுவோம்

திமிங்கிலம் பாடும் என்று தெரிந்ததிலிருந்து நம் கவிஞர்களுக்குக் கொண்டாட்டம்தான். தனிமை என்றால் திமிங்கிலம், பிரிவு என்றாலும் திமிங்கிலம். எனக்கும் சில வரிகள் பிடித்திருக்கின்றன. ஆனால் நான் படித்த எதிலும் கப்பல் இல்லை. என் சண்டை அதோடுதான்.

பாடுவதில் பேர்போனது கூன்முதுகுத் திமிங்கிலம், அதிலும் ஆண். ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். 1990களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் கூட்டம் மேற்குக் கரைப் பாட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பழைய பாட்டை விட்டேவிட்டது. 1970ல் ரோஜர் பெய்ன் வெளியிட்ட இசைத்தட்டு வேட்டைக்கு எதிராக ஊரையே திரட்டியது. ரசனை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எதிரே நின்றது ஈட்டி. இன்று நிற்பது செவுள் வலையும் சரக்குக் கப்பலும்.

தூரத்துக் கதை என்று நினைக்காதீங்க. அரபிக்கடலில் வலசை போகாத கூன்முதுகுக் கூட்டம் ஒன்று உண்டு. 1960களில் சோவியத் கப்பல்கள் அதில் 242ஐக் கொன்றன. இப்போது ஓமான் பக்கம் நூறுகூட இல்லை என்பது கணிப்பு. அதில் ஒருத்தி, லுபான். உடலில் பொருத்திய கருவி காட்டிய வழிப்படி, 2017 கடைசியில் ஓமானிலிருந்து கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்தாள். குமரிமுனை வரை வந்தவளுக்கு நம்மிடம் ஒரு வரி உண்டா?

சிங்கப்பூருக்கு வருவோம். 2015 ஜூலை 10, ஜூரோங் தீவுக் கடலில் 10.6 மீட்டர் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று செத்து மிதந்தது. முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்கலாம் என்றார்கள். வயிற்றில் பிளாஸ்டிக்கும் இருந்தது. நாட்டின் ஐம்பதாம் ஆண்டு என்பதால் 'ஜூபி லீ' என்று பெயர் வைத்து, எலும்புக்கூட்டை லீ கொங் சியான் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டோம். செல்லப் பெயர் வைக்க நமக்குச் சொல்லியா தரணும்!

நான் பொறியாளன், எனக்குக் கணக்குதான் வரும். 2024ல் நம் துறைமுகம் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 4.1 கோடி. இங்கிருந்து சூயஸ் பக்கம் போகும் கப்பல்கள் இலங்கையின் தேவேந்திர முனையை ஒட்டிப் போகின்றன. நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடம் அது. ஒதுங்கிப் போகாதா என்று கேட்கலாம். விசிறி பின்னால் சுழல்கிறது. அந்தச் சத்தத்தைக் கப்பலின் உடலே முன்பக்கம் போகவிடாமல் மறைக்கிறது. நேர் எதிரே இருக்கும் திமிங்கிலத்துக்கு ஆபத்து சரியாகக் கேட்பதில்லை. 2007ல் வந்த ஓர் ஆய்வின்படி, மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் மோதினால் சாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். ஒன்பதுக்குக் கீழே போனால் சுமார் 20.

"வேகத்தைக் குறைத்தால் சாமான் விலை ஏறும்" என்பார்கள். சரி, வேகத்தை விடுங்க, வழியை மாற்றலாமே? எம்எஸ்சி நிறுவனம் 2022ல் தானாகவே தன் கப்பல்களை அந்த முனையிலிருந்து சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. எல்லோரும் அப்படிச் செய்தால் அங்கே மோதும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும் என்று கணித்திருக்கிறார்கள். தேக்காவில் வெங்காய விலை ஏறிவிட்டதா என்ன?

விருப்பப்பட்டவர் மட்டும் விலகினால் போதாது. கப்பல் வழிகளுக்கு ஒப்புதல் தருவது அனைத்துலகக் கடல்துறை அமைப்பு. அதன் மன்றத்தில் சிங்கப்பூர் 1993 முதல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இந்த வழியை மாற்றச் சொல்லி நம் நாடு குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது இந்தத் துறைமுகத்தால் சாப்பிடும் நாம்தான், பொங்கோலில் உட்கார்ந்து இதை எழுதும் நானும் சேர்த்து. கவிதையை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த திமிங்கிலக் கவிதையில் ஒரு கப்பலையும் வையுங்க. அது எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது என்றும் எழுதுங்க.