விரல் நுனியில் 95

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக 28 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கரும்பு வெட்டுகிறவர்களின் விரல் எனக்கு நன்றாகத் தெரியும். தோகை கிழித்த கீறல், வெடிப்பில் ஏறிய மண், வெயிலில் கறுத்துக் காய்த்துப்போன தோல். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையின்போது, அந்த விரல்களில்தான் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தபடி தெருத் தெருவாக நடந்தேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கருவி 95 காட்டியது. ஆனால் அவரால் தொடர்ந்து பேச முடியவில்லை, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினார். "மிஷினுல நல்லாத்தான காட்டுது நர்சம்மா, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் அவர் மனைவி. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன். 32. உடனே 108-ஐக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆக்சிஜன் 87 என்று வந்தது. பிழைத்துக்கொண்டார். அவர் தோலின் நிறம்தான் கருவியை ஏமாற்றியது என்று நான் சாதிக்க மாட்டேன். விரல் குளிர்ந்திருந்தாலும் கருவி தவறாகக் காட்டலாம்.

ஆனால் நிறத்துக்கும் பங்கு உண்டு என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். ஆக்சிமீட்டர் விரலுக்குள் ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கிறது. தோலின் கருமை அந்த ஒளியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். இதே குறையை 1990-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. முப்பது வருஷம் பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நம் ஊர்க் காசநோய். காசநோய் இறப்பில்லா திட்டத்தைத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கியது. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, தீவிர நோயாளிகளை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டம். என் வேலைக்காலத்தில் நான் கண்ட உருப்படியான காரியங்களில் இது ஒன்று. 2025-இல் ஒரு படி மேலே போய், இந்த ஐந்தையும் வைத்து இறப்பு வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் வசதியை அந்தத் திட்டத்தின் செயலியில் சேர்த்தார்கள். சென்னையிலுள்ள ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவாக்கியது. தீவிரம் என்று பிரிக்கப்பட்டவர்களுக்கு 10 முதல் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்று கணிப்பு வருகிறது.

என் மனம் அந்த மற்றவர்களிடமே நிற்கிறது. ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் தீவிரம். உண்மையில் 90 இருக்கும் கறுத்த விரலில் கருவி 94 காட்டினால், அவர் பாதுகாப்பான பக்கம் போய்விடுகிறார். செயலி பொய் சொல்லவில்லை, கொடுத்த எண்ணை நம்புகிறது. மூச்சு எண்ணிக்கை காப்பாற்றலாம்தான், ஆனால் கூட்டமான நாளில் வருகிற எல்லோருக்கும் எண்ணாமலே 18 என்று எழுதிவிடும் கை எங்களில் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, அந்த ஐந்தில் தொழில் இல்லை. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. கல்மாவுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்த நுரையீரலைக் காசநோய் எளிதாகப் பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது. சூளையில் முப்பது வருஷம் நின்றவரும் மளிகைக் கடைக்காரரும் எடையும் மூச்சும் ஒன்றாக இருந்தால் செயலிக்கு ஒரே ஆள்தான்.

கணிப்பே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அரசிடம் கேட்பது ஒரே ஒரு கணக்கு. தீவிரம் இல்லை என்று செயலி சொல்லி, பிறகு இறந்துபோனவர்கள் யார்? ஆணா பெண்ணா, என்ன வேலை, என்ன நிறம், எந்த மாவட்டம்? இறந்தவர் பட்டியலும் முதல் நாள் எண்களும் துறையிடம் இருக்கின்றன. தொழிலையும் நிறத்தையும் இனிமேலாவது பதிவு செய்துகொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை வெளியிடட்டும்.

அதுவரை, இப்போது களத்தில் இருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை: கருவி 95 காட்டினாலும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், முழு நிமிடமும் எண்ணுங்கள்.