ஆந்தை இல்லையெண்டு ஆர் சொன்னது?

“அங்க ஒண்டுமில்லை, வெறும் பற்றைக்காடு.” இந்த நாட்டில் ஒரு காட்டின் கதை முடியத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வசனத்தோடுதான். சொல்பவர் யாராகவும் இருக்கலாம். றோட்டுப் போட வந்தவர், மினி நீர்மின் நிலையத்துக்கு அறிக்கை எழுதுபவர், ஓடையோரம் ஹோட்டல் கட்ட இடம் பார்ப்பவர். அவரிடம் கேட்கவேண்டியது இதுதான்: ஒண்டுமில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தனீங்கள்?

இப்படிக் கேட்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர்.

1995இல் தீபால் வரக்காகொட கித்துல்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் இந்த நாட்டில் முன்னணியில் நிற்பவர் அவர். அவருக்கே அது தெரியாத குரல். அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால் காண 2001 ஜனவரி 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ட இடம் சிங்கராஜ. 2004இல் அவரும் பமீலா ராஸ்முசனும் சேர்ந்து அதற்கு ஓட்டஸ் திலோஹொஃப்மன்னி என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். செந்நிறமான, காதுக் குடுமி இல்லாத ஒரு சின்ன ஆந்தை. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவை இனம் அதுதான்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு விசயம் இருக்கு. சிங்கராஜ யாரும் போகாத காடு இல்லை. ஆய்வாளர்கள் வருடக்கணக்காகத் திரிந்த காடு. 1988இலேயே யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்துவிட்டது. அப்படிப்பட்ட காட்டிலேயே ஓர் ஆந்தை இனம் அதற்குப் பிறகும் 16 வருடம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது. அப்படியென்றால், இரண்டு நாள் பகலில் நடந்து போய்ப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிற அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்த ஆந்தையின் பழக்கத்தைப் பாருங்கள். குரல் ஒரேயொரு குட்டையான தாழ்ந்த ஒலி. அடுத்தது வர அரை நிமிடம் அளவில் பிடிக்கும். இடையில் நீங்கள் இருமினாலோ, பக்கத்தில் நிற்பவர் கதைத்தாலோ போச்சு. பகலில் அது பெரிய மரத்தின் உச்சியில் இருப்பதில்லை. கீழே, ஆளுயரத்துக்கும் குறைவான பற்றைக்குள், காய்ந்த இலைபோல ஒடுங்கிக் கிடக்கும். அதனால் இதன் வீட்டை அழிக்கப் பெருமரங்களை வெட்டவே தேவையில்லை. அடிப்பற்றையைத் ‘துப்புரவு’ செய்தாலே காணும். மேலிருந்து எடுத்த படத்தில் காடு பச்சையாகவே இருக்கும். ஆந்தைக்கு இருக்க இடம் இராது.

‘கேட்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆந்தை அங்கே இருக்கிறது, ஓர் இரவு போனால் அதைக் கேட்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தனித்தனி இரவுகள் போயும் கேட்காமல் திரும்பி வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மழை பெய்தால், காற்று அடித்தால், அது குரல் கொடுக்காத மாதமாக இருந்தால் வாய்ப்பு இன்னும் கெட்டுப்போகும். ஒழுங்கான கணக்கெடுப்பு என்றால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். எத்தனை மணிநேரம் நின்றோம், வானிலை எப்படி, எதைக் கேட்டோம், எதைக் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதவேண்டும். இது ஆடம்பரமில்லை, அடிப்படை நேர்மை.

பொய்யான ஒரு பதிவு என்ன செய்யும் என்பதற்கும் ஆந்தையே சாட்சி. இந்தியாவின் ‘காட்டு ஆந்தை’ என்ற சின்ன இனத்தின் கடைசி நம்பகமான மாதிரி 1884இல் எடுக்கப்பட்டது. பிறகு ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயர், 1914இல் குஜராத்தில் தானும் ஒன்றைப் பிடித்ததாகச் சீட்டு ஒட்டி வைத்தார். உண்மையில் அது அருங்காட்சியகத்தில் களவெடுத்த பழைய மாதிரி. அந்தச் சீட்டை நம்பித் தேடப் போனவர்கள் பிழையான இடத்தில் தேடினார்கள். மோசடியை ஒதுக்கிவிட்டுப் பழைய மாதிரிகளை மட்டும் வைத்துத் தேடியபோது, 1997இல் மகாராஷ்டிராவின் ஷஹாதாவுக்கு அருகில் அது கிடைத்தது. 113 வருடங்கள்! தேடிய குழுவில் இருந்தவர் அதே பமீலா ராஸ்முசன். பஞ்சியில் எழுதுகிற வெறும் பட்டியலும் அந்தச் சீட்டைப் போலத்தான். இருப்பதை இல்லாமல் ஆக்கிவிடும்.

எங்கட நாட்டுக்கு வருவோம். 2001இல் 5/2001 என்ற சுற்றறிக்கை, ஒதுக்கக் காடு என்று அறிவிக்கப்படாத மற்ற அரச காடுகளையும் வனவளத் திணைக்களத்தின் கையில் கொடுத்தது. ஆந்தையைக் கண்ட அதே வருடம். 2020 நவம்பரில் அது இரத்தானது. அந்தத் துண்டுக் காடுகளின் பொறுப்பு மாவட்ட, பிரதேச செயலகங்களுக்குப் போனது. அவற்றில் எத்தனை துண்டுகளில் யாராவது ஓர் இரவாவது நின்று கேட்டிருப்பார்கள்?

இப்ப நீங்கள் கேட்கப்போகிற கேள்வி தெரியும். “மனுசருக்கே காணியில்லை, ஆந்தைக்குக் காடோ?” வடக்கு கிழக்கில் இந்தக் கோபம் நியாயமானது. போரில் இடம்பெயர்ந்த சனம் வருடக்கணக்கில் திரும்பமுடியாமல் இருந்தபோது வயல்களில் மரம் முளைத்தது. திரும்பி வந்தபோது அதே வயல் காடென்று எல்லைக்குள் போயிருந்தது. ‘காடு காக்கிறம்’ என்ற பேச்சை எங்கட ஆக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்த அநியாயமும் இதே வியாதியால்தான் வந்தது. அங்கேயும் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்து வரைபடத்தைப் பார்த்தால் இருபது வருடப் பற்றையும் முந்நூறு வருடக் காடும் ஒரே பச்சை. இறங்கி நடந்தால் வித்தியாசம் தெரியும். மரத்தின் சுற்றளவு, நின்றபடி பட்டுப்போன மரங்கள், பொந்துகள். சின்ன ஆந்தைகள் தாங்களாகப் பொந்து குடைவதில்லை. உக்கியதாலோ மரங்கொத்தியாலோ உண்டான பொந்துதான் அவற்றுக்கு வீடு. பெரிய பொந்து வைக்க ஒரு மரம் பல பத்து வருடம் வாழவேண்டும். ஓர் ஆந்தையைக் கேட்டதை மட்டும் வைத்து முதுகாடு என்று முடிவு கட்டமுடியாது, வீட்டு வளவில் வாழ்கிற ஆந்தையும் இருக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எது பழைய காடு, எது எங்கட அப்பு உழுத வயல் என்று பிரித்துச் சொல்லலாம். ஒழுங்கான கள ஆய்வு காணியைப் பறிகொடுத்தவருக்கும் ஆயுதம்தான்.

ஜூன் 5 வந்தால் கன்று நட்டுப் படம் போடுகிறோம். நடுங்கோ, பரவாயில்லை. ஆனால் வெட்டின முதுகாட்டுக்கு அந்தக் கன்று ஈடு என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. 1970களில் ஒட்டுப்பலகைக்காக சிங்கராஜவை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் திலோ ஹொஃப்மன். ஆந்தையின் பெயரில் இருப்பவர் அவர்தான். அன்றைக்கு அவர்கள் காட்டை விட்டுக்கொடுத்திருந்தால் இன்றைக்குப் பெயர் வைக்க என்ன மிஞ்சியிருக்கும்?

எனவே கேட்கவேண்டியதைக் கேட்போம். மழைக்காட்டைத் தொடும் ஒவ்வொரு திட்டத்துக்கும் பல மாதங்களில், பல இரவுகளில் கணக்கெடுப்பு வேண்டும். நின்ற மணிநேரமும் ஒலிப்பதிவும் பொதுவில் வேண்டும். அந்த ஊர்ச் சனமும் கூட நடக்கவேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் இருக்கிறது. அந்த அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும், நாங்கள்தான் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். அடுத்த முறை நின்று வாசியுங்கள். அறிக்கையை எடுத்துப் பறவைப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஆந்தை ஒன்றும் இல்லையென்றால், எத்தனை இரவு நின்றனீங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.