கல்லும் தாழியும்

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்வோர்க்கு இருபுறமும் மலைகள் அரண்போல் தோன்றும். இடையே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் கண்ணுக்கு விருந்தளிக்கும். 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று அணை அமைந்தபின் இப்பள்ளத்தாக்கின் வளம் பெருகிற்று. இவ்வளத்தைக் காண வருவோர் பலர். சுருளி அருவியில் நீராடி மீள்வோரும் பலர். ஆயினும், இந்நிலத்தில் நம் முன்னோர் இறந்தோர்க்காக எடுத்த கற்களையும், மண்ணுள் வைத்த தாழிகளையும் நாடி வருவோர் மிகச் சிலரே. மாணவர்களே! அவற்றை நீங்கள் சென்று காணல் வேண்டும். அதனினும் மேலாக, காணும் முறை அறிந்து காணல் வேண்டும். இதுவே யான் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

பண்டைத் தமிழர் இறந்தோரை அடக்கம் செய்த முறைகள் பல. பெரிய மண்தாழியில் எலும்புகளை இட்டுப் புதைத்தல் ஒரு முறை. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, அறைபோல் அமைத்தல் மற்றொரு முறை. இது நிலத்தின்மேல் அமைந்தால் கற்றிட்டை என்றும், மண்ணுள் அமைந்தால் கற்பதுக்கை என்றும் வழங்கப்பெறும். குழியைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்குதலும் உண்டு. மணிமேகலையில் சாத்தனார், சுடுதல், இடுதல், புதைத்தல், தாழியால் கவித்தல் முதலிய வழக்கங்களை ஒருங்கே குறிப்பிடுகின்றார். புறநானூற்றிலோ, கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் உண்டாகும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகின்றாள். ஏட்டில் இதனைப் படிப்பவர் இரங்குவர். ஈமக்காட்டில் ஒரு தாழியின் வாய் விளிம்பைக் கண்டபின் படிப்பவரோ, அவள் குரலையே கேட்பர்.

நம் தேனி மாவட்டத்திற்கே உரிய பெருமை ஒன்று உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகை பாயும் நிலப்பகுதியில், புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் உள்ளது. 2006ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆய்வாளர், தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றனை அங்குக் கண்டெடுத்தனர். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று, எழுத்தின் அமைதி கொண்டு அறிஞர் கணிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல்.

'ஆகோள்' என்னும் சொல்லை நோக்குமின். ஆ என்பது பசு. கோள் என்பது கொள்ளுதல். கொள் என்னும் முதனிலை நீண்டு தொழிற்பெயராயிற்று. தொல்காப்பியர் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக இச்சொல்லையே ஆள்கின்றார். கல்லைத் தேர்ந்து காணுதல் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துதல் ஈறாக நடுகல்லுக்குரிய நிலைகளையும் அவர் வகுத்துள்ளார். ஏட்டில் நின்ற இலக்கணச் சொல், நம் ஊர்க் கல்லிலும் நிற்கின்றது! எழுத்து என்பது அரசரும் வணிகரும் துறவியரும் மட்டுமே கையாண்ட பொருளன்று. ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கும் அது பயன்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இன்றும் கம்பத்தில் மாட்டுத்தொழுவை மக்கள் வழிபடும் இடமாகப் போற்றுகின்றனர். மலைமாடுகள் கிடை கிடையாக மேய்கின்றன. ஆவே செல்வம் என்று வாழ்ந்தோரின் நிலம் இது.

எனினும், ஓர் எச்சரிக்கை. அந்தவன் நிரை கவர்ந்தவனா, மீட்டவனா என்பதைக் கல் கூறவில்லை. கம்பத்தை அடுத்துள்ள கூடலூர்தான் கல்லில் குறித்த கூடலூர் என்று துணிந்துரைத்தலும் ஆகாது. அது மேலும் ஆராய்தற்குரியது. கல் சொல்லாததை நாம் அதன் வாயில் திணித்தல், கல்லை உடைத்தலுக்கு ஒப்பான பிழையாகும். மூன்று கற்களுள் மற்றொன்று சிதைந்திருத்தலால், அதற்குரியவனது முழுப்பெயரையும் அறியக்கூடவில்லை. பெயர் நிலைத்தற்பொருட்டு எடுத்த கல்லில் பெயரே அழிந்தது எத்துணை இரங்கத்தக்கது!

இவ்வழிவுக்குப் பிறரை மட்டும் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. யான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், நண்பர் சிலருடன் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு புன்செய் நிலத்தின் வழியே நடந்தேன். மழைநீர் அரித்த இடத்தில் தாழி ஒன்று வாய் திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான அழகிய கிண்ணம் ஒன்று அதனுள் இருந்தது. அதிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு வீட்டிற்கு எடுத்து வந்தேன். என் அன்னையார் அதனைக் கண்டு, "இறந்தவர்க்குப் படைத்த கலத்தை எடுக்கலாமா?" என்று கடிந்தார். யான் நகைத்தேன். சில ஆண்டுகள் அஃது என் மேசையை அழகு செய்தது. வீடு மாறியபொழுது உடைந்தது. ஓடுகள் குப்பையிற் சேர்ந்தன. பின்னொரு நாள் தொல்லியல் அறிஞர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். "எந்த நிலத்தில் எடுத்தீர்? எத்துணை ஆழத்தில்? உள்ளிருந்த மண்ணில் என்ன இருந்தது?" என்று அவர் வினவினார். ஒன்றற்கும் என்னிடம் விடை இல்லை.

கொட்டிய மண்ணின் அருமையைப் பின்னரே உணர்ந்தேன். பழனியை அடுத்த பொருந்தல் என்னும் ஊரில், 2009ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும், பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. அங்கு ஓர் ஈமக்குழியில், நான்கு கால்களையுடைய சாடியுள் நெல் இருந்தது. அந்நெல்லைக் கரிமப் பகுப்பாய்வு செய்து, அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தனர். தமிழி எழுத்துப் பொறித்த மட்கலப் பகுதியும் அக்குழியில் கிடைத்தமையால், எழுத்தின் தொன்மையை அறியவும் அந்நெல் துணையாயிற்று. பொன் தேடிக் குழி தோண்டும் ஒருவன் அங்கு முதலில் சென்றிருந்தால், நெல்லைப் பதர்போல் எறிந்திருப்பான். பொன்னினும் நெல் சிறந்தது என்பதை அவன் அறிவனோ? பொருள் தன் இடத்தில் இருக்குமளவும் பேசும்; இடம் பெயர்ந்தால் ஊமையாகும்.

"நிலம் உழுது உண்பவன் கல்வட்டத்தைக் காத்துக்கொண்டு பட்டினி கிடப்பதோ?" என்று சிலர் வினவுவர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. பழஞ்சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டில் நடுவணரசும், 1966ஆம் ஆண்டில் தமிழக அரசும் சட்டம் இயற்றின. ஆயினும், சட்டம் மட்டும் கல்லைக் காவாது. செய்தி சொல்லும் உழவனைக் குற்றவாளிபோல் நடத்தாது, விரைந்து வந்து பார்வையிட்டு, அவனுக்கு நேரும் இழப்பையும் ஈடு செய்தல் வேண்டும். இல்லையேல், கண்ட தாழியைக் காணாததுபோல் மூடி உழுது விடுதலே அவனுக்கு எளிதாகும். காத்தற் பொறுப்பை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டுமேயன்றி, ஏழை ஒருவன் தலையில் ஏற்றுதல் அறமன்று.

மாணவர்களே! ஈமக்காட்டிற்குச் செல்லுங்கால் ஆசிரியருடன் செல்லுங்கள். நிலத்திற்குரியவரிடம் இசைவு பெறுங்கள். கல்லின்மேல் ஏறாதீர், அதில் உங்கள் பெயரைக் கீறாதீர். ஓட்டுத்துண்டு ஒன்றனையும் பையில் இடாதீர். கண்டதை வரைந்து, கண்ட இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று தென்பட்டால், கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். 'குள்ளர் வீடு' என்றும் 'பாண்டவர் குழி' என்றும் முதியோர் கதை கூறின் எள்ளாதீர், அதனையும் எழுதிவையுங்கள். அக்கதைகளுக்கு அஞ்சி மக்கள் தொடாது விட்ட கற்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன.

என் அன்னையாரின் சொல்லை மூடநம்பிக்கை என்று யான் நகைத்தேன்; அறிஞர் வினவிய பின்னரே அதன் உட்பொருள் விளங்கிற்று. இருவரும் வெவ்வேறு வழியில் கூறியது ஒன்றே: அது நம் பொருளன்று. நமக்கு முன் வாழ்ந்தோர் வைத்தது. நமக்குப் பின் வருவோர் படிக்க வேண்டியது. இடையே நிற்கும் நாம் அதற்குக் காவலரேயாவோம். யான் தவறிய அக்காவலை நீங்கள் தவறாது செய்வீராக!