பாசிக்கு மருந்தா? போங்கய்யா!

போன ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சுப் பார்த்தா தொட்டியில ஆறு மீன் மல்லாக்க மிதக்குது. இறால் ஒண்ணுகூட மிச்சமில்லை. கொலைகாரன் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் 'பாசி ஒழிப்பான்' பாட்டிலைத் திறந்தது இந்தக் கைதான். "ரெண்டு மூடி ஊத்துங்க சார், காலைல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்"னார் கடைக்காரர். இருந்துச்சு. மீன்தான் இல்லை.

அப்புறம்தான் லேபிளைப் படிச்சேன் (நல்லா இருக்குல்ல?). உள்ளே இருக்கறது தாமிரம். இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். மீனுக்கு? பாசி மொத்தமா செத்து அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கும். ராத்திரியில செடியும் ஆக்சிஜன் தராது. விடியறதுக்குள்ள கதை முடிஞ்சுது.

எல்லாப் பாசிக்கும் ஒரே பாட்டில்ங்கறதே மோசடிங்க. புதுத் தொட்டியில பழுப்பா படியறது டயாட்டம்; துடைச்சு விட்டா சில வாரத்துல தானா போயிடும். தண்ணியே பச்சையா மாறினா அது மிதக்குற ஒரு செல் பாசி. மூணு நாலு நாள் தொட்டியைப் போர்வையால மூடி வைங்க, காசே வேணாம். நாத்தத்தோட வழவழன்னு படலமா வர்ற நீலப்பச்சை சமாச்சாரம் பாசியே இல்லை, பாக்டீரியா. இலை ஓரத்துல கருப்புத் தாடி மாதிரி முளைக்கறது உண்மையில சிவப்புப் பாசி வகை. எதுன்னே பார்க்காம மருந்து குடுக்கறவரை டாக்டர்னு சொல்வோமா?

"அப்ப ஒரு சக்கர் மீன் விடுங்க சார்"னு அடுத்த யோசனை வரும். ரெண்டு இஞ்சுல வாங்கற அந்தத் தென்னமெரிக்க மீன் ஒரு அடிக்கு மேல வளரும். வளர வளர பாசி திங்கறது குறைஞ்சு, கழிவு போடறது கூடும். தொட்டி பத்தலைன்னு ஏரியில விட்டா நம்ம ஊர் மீனுக்கு ஆப்பு.

ஆபீஸ்ல சர்வர் லாக்ல எர்ரர் வந்தா லாக் ஃபைலையா டெலீட் பண்றோம்? பாசிங்கறது அந்த எர்ரர் மெசேஜ்தான். வெளிச்சம் அதிகம், தீனி அதிகம், தண்ணி மாத்தலைன்னு தொட்டி கத்துது. நான் பதினாலு மணி நேரம் லைட்டைப் போட்டுட்டு பாசியைத் திட்டிக்கிட்டு இருந்தேன் :(

"வேலைக்குப் போறவனுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?"னு கேப்பீங்க. லைட்டை எட்டு மணி நேரத்துல அணைக்க ஒரு டைமர் போதும். ஜன்னல் வெயில் படாம தள்ளி வைக்கறது ஒருநாள் வேலை. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுக்குத் தீனி. வாரம் ஒருதடவை கால்வாசித் தண்ணி, குளோரின் நீக்கி. இதுக்கும் நேரமில்லைன்னா மீன் வளர்க்காதீங்க, படம் மாட்டிக்குங்க.

பாட்டில் விக்கறவருக்கு செத்த மீனும் வியாபாரம்தான்; திரும்ப வாங்க வருவோம்ல? நான் இந்தத் தடவை போய் வாங்கினது கண்ணாடி சுரண்டற பிளேடும் டைமரும் மட்டும்தான். தொட்டியில இப்ப கொஞ்சம் பாசி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.