கொட்டை எழுத்தும் பொடி எழுத்தும்

சட்டசபைத் தேர்தல் முடிவு வெளியான மறுநாள், பத்திரிகையின் கொட்டை எழுத்துத் தலைப்பைப் படித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவது நம்மில் பலருடைய வழக்கம். உள்ளே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் கணக்கைப் பார்ப்பவர்கள் சிலரே. பார்த்தால் மனச் சாந்தி குறைந்துவிடும் என்ற அச்சம் போலும்!

2021-ம் வருஷம் மே மாதம் 3-ம் தேதி காலையில் நமது மனச் சாந்திக்கும் அப்படி ஒரு பங்கம் நேர்ந்தது. கணபதியில் நமக்கு அடுத்த வீட்டுக்காரர் சிறிய பவுண்டரி ஒன்று நடத்துகிறவர். அவர் மதிற் சுவருக்கு அப்பால் நின்று பத்திரிகையை ஆட்டிக்கொண்டே, "ஏனுங்க வாத்தியாரே! ராஜ்யம் பூராவும் தி. மு. க. ஜெயிச்சுப் போச்சுன்னு போட்டிருக்குது. நம்ம ஜில்லாவிலே பத்துக்குப் பத்தும் அ. தி. மு. க. அணிதானுங்களே! அப்போ நாமெல்லாம் இந்த ராஜ்யத்திலே இல்லீங்களா?" என்று கேட்டார்.

இரண்டும் உண்மைதான். 234 ஸ்தானங்களில் தி. மு. க. 133 பெற்றிருந்தது, ஆட்சி அமைக்க 118 போதும். கோவை ஜில்லாவின் பத்துத் தொகுதிகளில் அ. தி. மு. க. ஒன்பதையும், அதன் தோழமைக் கட்சியான பா. ஜ. க. ஒன்றையும் பெற்றன. தலைப்பில் பொய் கிடையாது. ஆனால், "ராஜ்யம் பூராவும்" என்ற இரண்டு சொற்களில் நமது ஜில்லா முழுவதும் மறைந்து போயிற்று.

அவருக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினோம். ஆனால் வகுப்பில் வசமாக அகப்பட்டுக்கொண்டோம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு, "மெஜாரிட்டி என்றால் பாதிக்கு மேல்" என்று கரும்பலகையில் எழுதினோம். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், கோவை தெற்கிலே ஜெயிச்சவங்களுக்குப் பாதி ஓட்டு வரலீங்களே?" என்றான். "அது வேறு விஷயம், உட்கார்!" என்று அதட்டினோம். விடை தெரியாத உபாத்தியாயருக்கு அதட்டல் ஒன்றுதானே துணை?

அன்று மாலை கணக்கைப் பார்த்தோம். ஸ்ரீமதி வானதி சீனிவாசன் பெற்ற ஓட்டுகள் 53,209. நடிகர் ஸ்ரீ கமல்ஹாசன் பெற்றவை 51,481. வித்தியாசம் 1,728. மூன்றாவதாக வந்த காங்கிரஸ் அபேட்சகருக்கும் 42,000-க்கு மேல் விழுந்திருந்தது. ஆக, ஓட்டளித்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே ஜெயித்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டப்படி அந்த வெற்றியில் எள்ளளவும் குறையில்லை. சட்டசபையில் ஆட்சி நடத்தப் பாதிக்கு மேல் வேண்டும். தொகுதியில் ஜெயிக்க அடுத்தவரைவிட ஓர் ஓட்டு அதிகமிருந்தால் போதும். இரண்டுக்கும் "மெஜாரிட்டி" என்ற ஒரே பெயரைச் சூட்டிப் பையன்களைக் குழப்புகிறோம்.

பெரியவர்களையும் இந்தக் குழப்பம் விடுவதில்லை. 1952-ல் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. "காங்கிரஸுக்கு முதலிடம்" என்றும் தலைப்புப் போடலாம். "காங்கிரஸ் மெஜாரிட்டி இழந்தது" என்றும் போடலாம். இரண்டும் மெய். பிறகு ராஜாஜி முதல் மந்திரியாகி மந்திரி சபை அமைத்தார்.

1967-ம் வருஷக் கணக்கு இன்னும் விசித்திரமானது. தி. மு. க.வுக்கு 137 ஸ்தானங்கள், காங்கிரஸுக்கு 51. அந்தத் தலைப்பைப் படித்தவர்கள், மக்கள் காங்கிரஸை அடியோடு கைவிட்டார்கள் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் காங்கிரஸ் பெற்றது நூற்றுக்கு 41 ஓட்டுக்குச் சற்று அதிகம், தி. மு. க. பெற்றது 41-க்குச் சற்றுக் குறைவு! உடனே, "ஆகா, அநியாயம்!" என்று கூவிவிட வேண்டாம். காங்கிரஸ் 232 தொகுதிகளில் போட்டியிட்டது, தி. மு. க. 174-ல்தான் நின்றது. மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது. அக்கட்சிகளின் ஓட்டுகளையும் சேர்த்தால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். பொடி எழுத்தையும் பாதி படித்தால் அபாயந்தான்.

ஆகையால், வீட்டிலுள்ளவர்கள் முடிவைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். மொத்தம் எத்தனை ஸ்தானங்கள்? அந்தக் கட்சி எத்தனையில் நின்றது? நூற்றுக்கு எத்தனை பேர் ஓட்டளித்தார்கள்? பத்திரிகைகள் இம்மூன்றையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இதில் வெறும் கணக்கு வழக்கு மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. ஜெயித்தவர், "ஜனங்கள் அனைவரும் என் பக்கம்" என்று நம்பிவிட்டால், தமக்கு ஓட்டளிக்காதவர் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேட்க மறந்துவிடுவார். தோற்ற பக்கத்தில் ஓட்டளித்தவரோ, நமது பவுண்டரிக்காரரைப் போல், "நாம் இந்த ராஜ்யத்திலே இல்லையா?" என்று மனம் சலித்துவிடுவார். இருவரும் ஒரே சட்டசபையின் கீழ்த்தான் ஐந்து வருஷம் வாழ வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "நீ கேட்டது சரி, நாம் எழுதியது அரைகுறை" என்று ஒப்புக்கொண்டோம். பிறகு கரும்பலகையைத் துடைத்துவிட்டு, 53,209 என்ற எண்ணிலிருந்து பாடத்தை மறுபடி ஆரம்பித்தோம்.