மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் திட்டங்கள்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோருக்கு அரசாங்கம் அளிக்கும் மெடிகேர் காப்பீட்டை அதன் மூல வடிவிலேயே வைத்துக்கொள்வதா, அல்லது அதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டமொன்றில் சேர்வதா என்று எமது அங்கத்தினர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் இடைவிடாது கேட்டு வருவதால், இவ்விஷயத்தில் சங்கத்தின் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமென்று நிர்வாகக் குழு கருதுகிறது. தனியார் திட்டங்களை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் மெடிகேரில் முதன்முதலாகச் சேரும்போது எடுக்கும் முடிவைப் பிற்பாடு மாற்றுவது மிகக் கஷ்டமாகிவிடக்கூடும் என்பதைச் சொல்லாமல் அவை விற்கப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை.

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் பிறந்த மூல மெடிகேர், அதனை ஏற்கும் எந்த வைத்தியரிடமும், நாட்டின் எந்த மூலையிலும், எவருடைய சிபாரிசுமின்றிச் சிகிச்சை பெறும் சுதந்திரத்தைத் தருகிறது. அதன் குறையும் சிறியதன்று. வைத்தியர் கட்டணத்தில் பொதுவாக 80 சதவிகிதத்தையே அது ஏற்கிறது. எஞ்சிய பங்குக்கு உச்சவரம்பு கிடையாது. அந்தப் பங்கை ஈடுசெய்யவே மெடிகாப் என்னும் துணைக் காப்பீட்டைப் பலர் தனியாக வாங்குகிறார்கள்.

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெடிகேரின் ‘சி’ பகுதியாக உருப்பெற்று, 2003-இல் இன்றைய பெயரைப் பெற்ற அட்வான்டேஜ் முறையில், ஒவ்வொரு அங்கத்தினருக்காகவும் அரசாங்கம் மாதந்தோறும் ஒரு தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட, சிகிச்சைச் செலவின் பொறுப்பைக் கம்பெனி ஏற்கிறது. பல திட்டங்களுக்குத் தனிப் பிரீமியம் இல்லை. பல், கண், செவி ஆகியவற்றுக்கும் ஓரளவு உதவி உண்டு. திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வைத்தியர்களும் மருத்துவமனைகளும் அடங்கிய நெட்வொர்க்குக்குள் நோயாளி கையிலிருந்து கொடுக்கும் தொகை, 2025-ஆம் ஆண்டு விதிப்படி, 9,350 டாலரைத் தாண்டலாகாது. தகுதியுடையோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று இம்முறையில் இருப்பதற்கு இவை நியாயமான காரணங்களே. எனினும் ‘இலவசம்’ என்று பிரசாரம் செய்வது பொருந்தாது. மெடிகேரில் வைத்தியர் கட்டணத்தை ஏற்கும் ‘பி’ பகுதிக்கான மாதப் பிரீமியத்தை (2025-இல் அநேகருக்கு 185 டாலர்) இதில் சேர்ந்தவரும் செலுத்தியே ஆகவேண்டும்.

வைத்தியரைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இங்கே குறுகுகிறது; பெரிய சிகிச்சைகளுக்குக் கம்பெனியின் முன்னனுமதி வேண்டியிருக்கிறது. 15 பெரிய ஸ்தாபனங்கள் 2019 ஜூன் மாதத்தில் ஒரு வாரத்தில் நிராகரித்த முன்னனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலித்த மத்திய சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம், அவற்றில் 13 சதவிகிதம் மெடிகேர் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டவையே என்று 2022-இல் அறிவித்தது. மூல மெடிகேரில் இருந்திருந்தால் அந்த நோயாளிகளுக்கு அச்சிகிச்சை பெரும்பாலும் கிடைத்திருக்கும்.

எங்களை எல்லாவற்றினும் அதிகமாகக் கவலைகொள்ளச் செய்வது மெடிகாப் பற்றிய விதியே. 65 வயது நிரம்பி ‘பி’ பகுதியில் சேர்ந்த மாதத்திலிருந்து ஆறு மாத காலம், எந்த வியாதி இருப்பினும் மெடிகாப் தர மறுக்கலாகாது என்பது மத்திய சட்டம். அக்காலம் கழிந்தபின், சில விசேஷ சந்தர்ப்பங்கள் நீங்கலாக, உடல்நிலையைக் காரணங்காட்டி மறுக்கவோ கட்டணத்தை உயர்த்தவோ கம்பெனிகளுக்கு உரிமை ஏற்பட்டுவிடுகிறது. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் போன்ற சில மாநிலங்களே 65 வயது கடந்தோரை இதிலிருந்து பெருமளவு காப்பாற்றுகின்றன. 65 வயதில் ஆரோக்கியமாக இருந்து, பிரீமியம் இல்லையே என்று தனியார் திட்டத்தில் சேர்ந்தவர், 72 வயதில் புற்றுநோயுற்றுத் தாம் விரும்பும் மருத்துவமனையை நாடி மூல மெடிகேருக்குத் திரும்ப நினைக்கும்போது, திரும்பும் வழி திறந்திருந்தும் துணைக் காப்பீடு கிடைக்காமல் 20 சதவிகிதச் சுமையைத் தாமே சுமக்க நேரிடும். முதல் 12 மாதங்களுக்குள் மனம் மாறினால் மெடிகாப் பெறும் உரிமை உண்டு என்பதையேனும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கவேண்டும்.

நம் பெற்றோர்களின் நிலைமை தனியே கவனிக்கத்தக்கது. கிரீன் கார்டு பெற்று இங்கே ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்தபின் மெடிகேரை விலைகொடுத்து வாங்கும் அவர்களில் பலர், ஆண்டில் சில மாதங்களைச் சென்னையிலோ மதுரையிலோ கழிக்கிறார்கள். மூல மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செல்லாது. மெடிகாப்பின் ‘ஜி’, ‘என்’ போன்ற வகைகள், பிரயாணத்தின் முதல் 60 நாட்களுக்குள் நேரும் அவசர சிகிச்சையில், 250 டாலர் போக 80 சதவிகிதத்தை, ஆயுள் முழுமைக்கும் 50,000 டாலர் வரை ஏற்கின்றன. சில தனியார் திட்டங்களும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஓரளவு உதவுகின்றன. ஆனால் திட்டத்தின் எல்லைக்கு வெளியே ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவோர் பெரும்பாலும் அதிலிருந்து நீக்கப்படுவர்.

ஆகவே, ஆண்டுக்கொரு முறையேனும் உடற்பரிசோதனை நிபந்தனையின்றி மெடிகாப் வாங்கும் உரிமையை எல்லா மாநிலங்களிலும் நிலைநாட்டவேண்டுமென்றும், முன்னனுமதி மறுக்கப்படும்போது அதற்கான காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் நோயாளிக்கு விளங்கும் பாஷையில் தரவேண்டுமென்றும் காங்கிரஸைக் கேட்டுக்கொள்கிறோம். எமது பொங்கல், தீபாவளி விழாக்களில் கமிஷன் பெறும் காப்பீட்டு முகவர்களுக்கு இனி இடம் தரப்படமாட்டாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்துக்கு முன்பாக, எதையும் விற்காமல் இலவசமாக ஆலோசனை கூறும் ‘ஷிப்’ என்னும் மாநில அமைப்பின் ஆலோசகர்களை அழைத்து, தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல எமது இளைஞர்களை அருகில் அமர்த்துவோம்.